மேற்படி நபர் நாலு மணிக்குக் குளித்தார்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து கடை திறந்த முதல் நாள், திங்கட்கிழமை, பதினொன்றே கால் மணிக்கு அந்தக் கடிதம் வந்தது. பைக்கில் வந்த போலீஸ்காரர் வண்டியை அணைக்காமலே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். தென்காசி கூலக்கடை பஜாரில் துண்டும் கைலியும் விற்கிற மசூது, எந்தக் கடிதத்தையும் இரண்டு தடவை படிப்பவர். இதை மூன்றாவது தடவையும் படித்தார். பென்சிலால் ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் எண் போட்டார்.

ஒன்று, வன்முறைப் பாதைக்கு ஆட்கள் போகாமல் தடுப்பது எப்படி என்று டெல்லியில் ஒரு கையேடு தயாராகிறது. மாவட்டத்துக்கு இரண்டு அனுபவங்கள் கேட்டிருக்கிறார்கள். இரண்டு, தென்காசி மாவட்டத்தில் அதில் ஒன்று மசூதினுடையது. மூன்று, இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் குற்றாலம் விருந்தினர் மாளிகைக் கூடத்தில் கூட்டம். நான்கு, அன்று ஓய்வு பெற்ற தனிப்பிரிவு ஏட்டு கடற்கரை அவர்களுக்குச் சால்வை போட்டு மரியாதை செய்கிறார்கள். ஐந்து, மசூது தன் அனுபவத்தை ஒரு பக்கத்தில், தன் சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கொண்டுவர வேண்டும். கையேட்டில் இடப்பக்கம் ஏட்டையா அந்தக் காலத்தில் எழுதிய அறிக்கையையும், வலப்பக்கம் மசூதின் கடிதத்தையும் அப்படியே படம் எடுத்துப் போடுவார்கள்.

கடைசியில் பச்சை மையில் ஒப்பம்: இசக்கிச்செல்வி, உதவி ஆய்வாளர். கடற்கரையின் மகள்.

ஐந்தாவது எண்ணின் மேல் மசூதின் பென்சில் அப்படியே நின்றுவிட்டது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே கையெழுத்தாக இருக்கப் போகிறது. ஏட்டையாவின் அறிக்கைகளை எழுதினதும் அவர்தான்.

*

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். தென்காசி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. எல்லாக் காகிதமும் திருநெல்வேலிக்குத்தான் போகும். எங்கோ எதுவோ வெடித்தது என்று ஊர் ஊராகப் பட்டியல் எடுத்தார்கள். அதில் சாதிச் சண்டைக் கேஸில் இருந்தவர்களும் உண்டு. வடகரையிலிருந்து இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் மசூது, வயது இருபத்தைந்து. இன்னொருவன் அவனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த துல்கர்னைன்.

அவர்கள் பட்டியலில் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு மாடியறையில் ஒன்பது பேர் கூடுவார்கள். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து கேசட் போட்டுக் காட்டிப் பேசுவார். மசூது அங்கே போக ஆரம்பித்தது கேசட்டுக்காக அல்ல. அதற்கு மூன்று மாதம் முந்தி ஒரு விடியற்காலை, சோதனை என்று வந்தவர்களில் ஒருவன், வாசலில் நின்ற அவன் வாப்பாவின் தொப்பியை லத்தியால் தட்டிவிட்டான். வாப்பா குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, மறுபடியும் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் குனிந்த முதுகு மசூதின் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

பட்டியலில் இருந்த வடகரை ஆட்களில் மசூதைக் கண்காணிக்கும் வேலை கடற்கரைக்கு வந்தது. துல்கர்னைன் பெயருக்கு நேரே போடப்பட்டவர் வேறு ஸ்டேஷனுக்கு மாற்றலாகிப் போய், அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது.

கடற்கரை ஆறடி உயரம். கபடியில் பேர் வாங்கிப் போலீசுக்கு வந்தவர். எட்டாம் வகுப்போடு சரி. இரண்டு வாரம் சைக்கிளில் மசூதின் பின்னாலேயே சுற்றினார். மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை, ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த மசூதை, அருவிக்கரைப் பஜ்ஜிக் கடையில் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். இரண்டு தட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கி ஒன்றை அவன் பக்கம் தள்ளினார். கட்டம் போட்ட தாளும் கார்பனும் மேசையில் இருந்தன.

"ஏலே, ஒனக்குக் கையெழுத்து நல்லா இருக்குமாமே."

மசூது தட்டைத் தொடாமல் தாளைப் பார்த்தான்.

"நீ எங்கன போன, யாரப் பாத்தன்னு வாராவாரம் நா எழுதிக் குடுக்கணும். எனக்கு எழுத வராது. இன்ஸ்பெக்டரு ரெண்டு தடவ மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டாரு. நீ எங்கன போனன்னும் எனக்குத் தெரியாது, சைக்கிள் மிதிச்சி முட்டு வலிக்கி. ரெண்டும் தெரிஞ்ச ஆளு நீதான். நீயே எழுதிரு."

அவர் கிண்டல் செய்கிறார் என்றுதான் மசூது நினைத்தான். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. பொய்யாக எழுதினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டான்.

"எழுதேன். கீழ எம்பேரு இருக்கும். பொய்யின்னு தெரிஞ்சா ஒன்ன ஒண்ணும் செய்ய மாட்டாவ. எஞ்சட்டையத்தான் கழத்துவாவ."

கோபத்தில்தான் மசூது பேனாவை வாங்கினான். உருப்படாத ஒரு அறிக்கையை எழுதி இந்த ஆளை மாட்டிவிட வேண்டும் என்று நினைத்தான். ஆனால் வடகரைப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் படித்த கை அது. இடம், தேதி, பொருள், வரிசை எண், ஓரத்தில் இரண்டு விரல் இடம், முடிவில் இரட்டைக் கோடு போட்டு நடுவில் ஒரு புள்ளி. எழுத ஆரம்பித்தால் அந்தக் கைக்கு ஒழுங்கில்லாமல் எழுத வராது. தன் பெயர் வரவேண்டிய இடத்தில் 'மேற்படி நபர்' என்று போட்டான். மேற்படி நபர் காலை எட்டு மணிக்குக் கடையநல்லூர் சென்றார். மேற்படி நபர் மதியம் வீட்டில் தூங்கினார்.

கடற்கரை தாளை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். இரண்டு நிமிஷம் ஆயிற்று.

அதற்கப்புறம் அந்த வருஷத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் மசூதுக்கு இன்றைக்கும் அப்படியே மனதில் இருக்கின்றன. சாரல் விழுந்து மேசை நனையும். தாளின் மேல் கடற்கரை தன் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்வார். எண்ணெய்ச் சட்டியிலிருந்து ஏத்தங்காய் சிப்ஸ் வாசனை வரும். துண்டைத் தலையில் கட்டிய சுற்றுலாக்காரர்கள் இவர்களை எட்டிப் பார்த்துவிட்டு, மாமனும் மருமகனும் பத்திரம் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். கடற்கரை பஜ்ஜியில் மிளகாயை உருவிக் கீழே போட்டுவிட்டு மாவை மட்டும் தின்பார். ஆறடி ஆளுக்குக் காரம் ஆகாது.

எழுதும்போது அவர் சும்மா இருக்க மாட்டார். ஏன் போனான், எதற்குப் பேசினான் என்று துருவுவார். மேலே கேட்பார்கள் என்பார். ஒரு தடவை மசூது, 'மேற்படி நபர் கோபமாகக் காணப்பட்டார்' என்று எழுதினான். எதற்குக் கோபம் என்று எழுதச் சொன்னார் கடற்கரை. மசூது வேண்டுமென்றே எழுதினான். போலீசார் தன் தகப்பனாரின் தொப்பியைத் தட்டிவிட்டதால் மேற்படி நபர் கோபமாக உள்ளார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினான். அந்த வரியை அடிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தான்.

கடற்கரை பஜ்ஜியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்தார். வழக்கம்போல இரண்டு நிமிஷம் எடுத்து, அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். போலீஸ்காரன் செய்தது தப்பு என்று சொல்லும் தாளில் போலீஸ்காரர் ஒருவர் போட்ட ஒப்பம். அது அவருக்கு நல்லதில்லை என்று மசூதுக்கே தெரிந்தது. அதைப் பற்றி அவர்கள் அப்புறம் பேசவே இல்லை.

அறிக்கைகள் மேலே நல்ல பேர் வாங்கின. விவரமாக எழுதுகிறார் என்று கடற்கரைக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் வந்தது. அதை எடுத்து வந்து மசூதிடம் காட்டினார்.

"பாருலே, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு காயிதம்தாம் குடுத்திருக்கானுவ."

*

மனைவி ஜாஹிரா பீவி சாப்பாட்டுத் தட்டை வைக்க வந்தபோது, மசூது இடது கையால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"கோழி கிளறுன மாதிரி இருக்கு. இதப் பாத்தா டெல்லிக்காரன் ஒங்களத் திரும்பவும் பட்டியல்ல போட்டிருவான்."

மசூது விஷயத்தைச் சொன்னார். கட்டின நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த கதைதான், ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர. அவள் யோசித்து, ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக் கொடுத்துவிடுங்கள் என்றாள். கை வலி என்று சொன்னால் யார் என்ன செய்யப் போகிறார்கள்?

அவருக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. ஆனாலும் இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம், என்ன நடந்தது என்று ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். கேட்டால் எழுதாமல் இருக்க அவரால் முடிந்ததில்லை. கடையடைத்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வலது கையால், ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதி முடித்தார். இரட்டைக் கோடும் புள்ளியும் வைத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இதைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது கடற்கரை. மறுநாள் அவர் இருக்கும் வீரகேரளம்புதூருக்கு மசூது பஸ் ஏறினார்.

கடற்கரைக்கு இப்போது எழுபது. உயரம் மட்டும் குறையவில்லை. மசூது வாயைத் திறக்குமுன் இசக்கிச்செல்வி காபியோடு வந்துவிட்டாள். அன்று அவளுக்கு ஓய்வு நாள். வாங்க மாமா என்று பழைய மாதிரியே கூப்பிட்டாள். போனில் படமெடுத்து வைத்திருந்த அறிக்கைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள்.

"அப்பா எழுத்து முத்து முத்தா இருக்கு, என்ன மாமா?"

அவள் மசூதின் முகத்தையே பார்த்தாள். கடற்கரை காற்றாடியைப் பார்த்தார். மசூது, ஆமாம்மா, அந்தக் காலத்துப் படிப்பு அப்படி என்று சொல்லிக் காபியைக் குடித்தார்.

பஸ் ஸ்டாப் வரை கடற்கரை கூட வந்தார். பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"அவளுக்குத் தெரியாதுலே. சின்னதுல, எங்கப்பா நல்லா எழுதுனதுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கிருக்காருன்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லித் திரிஞ்ச பிள்ள. இப்ப அவ ஆளுக நாப்பது பேருக்கு முன்னால எனக்குச் சால்வ போடப் போறா."

"நா என்ன செய்யட்டும் அண்ணாச்சி?"

"என்னயக் கேட்டா? எழுதுறவன் நீதான."

சட்டைப் பையிலிருந்த தாளை மசூது வெளியே எடுக்கவில்லை. தென்காசியில் இறங்கியதும் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனார். காவல்துறையின் அன்பான அறிவுரையாலும் பெரியோர்களின் வழிகாட்டுதலாலும் நான் மனம் திருந்தினேன் என்று சொல்லச் சொல்ல, அந்தப் பெண் அடித்துக் கொடுத்தாள். நல்ல தாள். ஒரு பிழை இல்லை. படித்துப் பார்த்தபோது அதில் யாருமே இல்லை.

*

இருபத்தொன்றாம் தேதி காலையிலிருந்தே சாரல். மசூது ஒன்பதரைக்கே போய்விட்டார். கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு முக்கோணம், அதைச் சுற்றி அம்புக்குறிகள். பக்கத்து அறையில் கடற்கரை சலவைச் சட்டையில், கைகளை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். இசக்கிச்செல்வி யூனிபார்மில் இருந்ததால் மசூது எழுந்து நின்று மேடம் என்றார். அவள் கதவைச் சாத்திவிட்டு, உட்காருங்க மாமா என்றாள்.

டைப் அடித்த தாளை அவர் நீட்டினார். அவள் மேலோட்டமாகப் பார்த்து மேசையில் வைத்தாள்.

"கையெழுத்துல கேட்டிருந்தேனே."

"கை வலிம்மா."

"வலது கையா, இடது கையா?"

மசூது விழித்தார். அவள் பீரோவிலிருந்து கட்டுக் கட்டாகப் பழைய தாள்களை எடுத்து வைத்தாள். கார்பன் பிரதிகள், ஓரம் செல்லரித்தவை. மேலே இருந்த தாளின் அடியில் அந்த இரட்டைக் கோடும் புள்ளியும். அதற்குப் பக்கத்தில், போன வாரம் அவர் கடிதம் கிடைத்ததற்கு ஒப்புகை எழுதி அனுப்பிய அஞ்சலட்டையை வைத்தாள். ஒழுங்கான ஆள், ஒப்புகை அனுப்பாமல் இருந்ததில்லை. அதிலும் இரட்டைக் கோடு, நடுவில் புள்ளி.

கடற்கரை எழுந்து நின்றுவிட்டார். மகளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து, நா வீட்டுக்குப் போறேன் என்றார்.

"இரிங்கப்பா. எனக்கு ஒம்பது வயசுலயே தெரியும். லீவ் லெட்டர் எழுதித் தாங்கன்னா அம்மாகிட்டப் போம்பீங்க. மார்க் சீட்டுல கையெழுத்துப் போட ரெண்டு நிமிசம். அப்படிப்பட்ட ஆளு இவ்வளவு எழுதிருக்காருன்னா நம்புறதுக்கு நா என்ன இன்ஸ்பெக்டரா?"

அவள் குரலில் கோபம் இல்லை. இவ்வளவும் எழுதியவர் யார் என்றுதான் அந்த அட்டை வரும்வரை அவளுக்குத் தெரியவில்லையாம். ரெக்கார்டு ரூமில் இந்தக் கட்டைக் கண்ட நாளிலிருந்து, பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டிருக்கிறாள். அதற்காகத்தான் சொந்தக் கையெழுத்தில் கேட்டாள். இடப்பக்கம், வலப்பக்கம் என்பதெல்லாம் டெல்லி கேட்டதில்லை, அவளே சேர்த்தது.

"வேற ஒண்ணு எழுதிருக்கீங்க மாமா. உள்ள வந்ததுலேருந்து பையை மூணு தடவ தொட்டுட்டீங்க."

மசூது கடற்கரையைப் பார்த்தார். அவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். மசூது தாளை எடுத்துக் கொடுத்தார். அவள் ஜன்னலோரம் நின்று படித்து முடித்து, அப்பாவிடம் நீட்டினாள். நீயே படி, எனக்குக் கண்ணாடி இல்லை என்றார் கடற்கரை. கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் உரக்கப் படித்தாள்.

அந்தத் தாளில் இருந்தது இதுதான்.

ஜூலை மாதம், சீசன் கூட்டம். சனியும் ஞாயிறும் ஏட்டையாவுக்கு மெயினருவியில் பந்தோபஸ்து. அதனால் வெள்ளிக்கிழமையே வந்து, ஞாயிறு வரைக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடு, நீ எங்கே போகப்போகிறாய் என்று எனக்குத் தெரியாதா என்றார். மசூதும் எழுதினான். 11.7.99 ஞாயிறு. மேற்படி நபர் மாலை 4 மணிக்கு ஐந்தருவியில் குளித்தார். 7 மணிக்கு வீடு திரும்பினார். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. ஏட்டையா கையெழுத்துப் போட்டார். தாள், திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் மேசைக்குப் போகிற கட்டில் சேர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் துல்கர்னைன் வந்து, ஞாயிற்றுக்கிழமை புனலூரில் கூடுகிறோம், இந்தத் தடவை பேச்சு மட்டும் இல்லை, பொருளும் வருகிறது என்றான். மசூது சரி என்றான். அந்தத் தாளை அவன் அப்போது நினைக்கவே இல்லை.

ஞாயிறு மதியம் செங்கோட்டையில் மீட்டர் கேஜ் வண்டியில் இருவரும் ஏறினார்கள். எதிரெதிரே ஜன்னலோரம். மலையேறுமுன் வண்டி பகவதிபுரத்தில் நின்று மூச்சு வாங்கும். ஸ்டேஷன் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால். அதைப் பார்த்ததும், நாலு மணிக்கு நான் ஐந்தருவியில் இருக்க வேண்டுமே என்ற நினைப்பு வந்தது. முதலில் அது சிரிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு அவர் கையெழுத்துப் போடுவது கண்ணில் வந்தது. வாப்பாவின் தொப்பியைப் பற்றிய வரிக்குக் கீழே போட்ட கையெழுத்து. அதே கையெழுத்து இன்றைக்குப் பொய்யாகப் போகிறது. மசூது எழுந்தான். கொள்கை, பாவம், சட்டம் எதையும் அவன் யோசிக்கவில்லை. தான் எழுதியது தப்பாகிவிடக் கூடாது என்பது மட்டுந்தான் மனதில் இருந்தது.

தண்ணி பிடிக்கப் போறியா, எனக்கும் சேத்துப் பிடி என்று துல்கர்னைன் தன் பாட்டிலைக் கொடுத்தான். மசூது அதை வாங்கிக்கொண்டு இறங்கினான். வண்டி நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் நின்றான். ஏறு, ஏறு என்று துல்கர்னைன் ஜன்னலில் கையை ஆட்டினான். நீயும் இறங்கு என்று மசூது சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது.

ஒன்பதாம் நாள் புனலூரில் எல்லாரையும் பிடித்தார்கள். துல்கர்னைன் ஒன்பது வருஷம் உள்ளே இருந்தான். வெளியே வந்தவன் அக்கா வீட்டின் பின்னறையில் இருக்கிறான். ஒவ்வொரு பெருநாளுக்கும் மசூது போவார். சலாம் சொன்னால் பதில் சலாம் சொல்வான். அதற்குமேல் பேச்சில்லை.

தாளின் கடைசி வரியை இசக்கிச்செல்வி மெதுவாகப் படித்தாள். 'ஐயா, என்னைத் திருப்பியது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு ஏட்டையா இருந்தார். என் நண்பனுக்கு நேரே இருந்த கட்டம் காலியாக இருந்தது.'

கூடத்தில் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. கடற்கரை எழுந்து, டீ குடிச்சிட்டு வாரேன் என்று வெளியே போனார். மசூதின் தோளைத் தாண்டும்போது நிற்கவில்லை.

*

கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. முக்கோணத்தைப் பற்றி ஒரு அதிகாரி பேசினார். கண்டறிதல், அணுகுதல், ஆற்றுப்படுத்துதல், வேலைவாய்ப்பு. நல்ல விஷயங்கள்தான், அவரும் அக்கறையோடுதான் பேசினார். சால்வை போட்டபோது கடற்கரை தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பேசச் சொன்னதற்கு, எனக்குப் பேச வராது, எழுதவும் வராது என்றார். தன்னடக்கம் என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள்.

டெல்லிப் படிவத்தில் 'பயன்படுத்திய முறை' என்று ஒரு கட்டம் இருந்தது. ஆலோசனை, மதப் பெரியவர், குடும்பம், விளையாட்டு, வேலை, மற்றவை. இசக்கிச்செல்வி 'மற்றவை'யில் டிக் அடித்து, மசூதின் தாளைப் பின்னால் இணைத்தாள். இது என்ன முறை, மற்ற மாவட்டங்களிலும் செய்ய முடியுமா என்று அதிகாரி கேட்டார். எழுதத் தெரியாத ஏட்டு கிடைத்தால் முடியும் சார் என்றாள். அவர் சிரிக்கவில்லை. தாளை மறுபடியும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

மசூதின் மனம் கூட்டத்தில் இல்லை. கடற்கரை அந்தத் தாளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தாறு வருஷம் அந்த மனிதர், தான் போட்ட கையெழுத்துகள் எல்லாம் உண்மை என்று நம்பிக்கொண்டிருந்தார். அதில் ஒன்று ரயிலேறிப் பாதி தூரம் போய்வந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

வெளியே வந்ததும் கடற்கரை ஆட்டோவைக் கூப்பிட்டார். ஐந்தருவிக்குப் போகச் சொன்னார். மசூதும் ஏறிக்கொண்டார். இசக்கிச்செல்வி பைக்கில் பின்னால் வந்தாள்.

பழைய பஜ்ஜிக் கடை இல்லை. அந்த இடத்தில் வேறு ஒரு கடை, பிளாஸ்டிக் மேசை. அருவி மட்டும் ஐந்தாகப் பிரிந்து பழைய சத்தத்தோடு விழுந்துகொண்டிருந்தது. கடற்கரை இரண்டு தட்டு மிளகாய் பஜ்ஜி சொன்னார். வந்ததும் மிளகாயை உருவி ஓரமாக வைத்தார்.

"எத்தன மணிக்குலே குளிச்ச?"

மசூதுக்கு உடனே புரியவில்லை.

"அன்னைக்கி. பகவதிபுரத்துல எறங்கி இங்கன எப்ப வந்து சேந்த?"

ரோட்டுக்கு ஓடி வந்து, லாரி பிடித்துச் செங்கோட்டை வந்து, பஸ் மாறி, கடைசியில் மெயினருவியிலிருந்து நடந்தே வந்தேன் என்றார் மசூது. நாலு மணிக்குள் வர முடியவில்லை. சட்டையோடு தண்ணீரில் நின்றபோது நாலே முக்கால்.

"அப்ப ரிப்போர்ட்டு தப்புதான?"

"தப்புதான் அண்ணாச்சி."

"நாலுன்னு போட்டு எங்கிட்டக் கையெழுத்து வாங்கிருக்க."

"ஆமா."

கடற்கரை மகளிடம் கையை நீட்டினார். அவள் பையிலிருந்து அந்தத் தாளின் ஜெராக்ஸை எடுத்து மேசையில் வைத்தாள். மூலத்தைத் தொடக்கூடாது, இதில் வேண்டுமானால் என்ன செய்தாலும் சரி என்றாள். சாரலில் தாள் நனையத் தொடங்கியது. கடற்கரை தோளில் கிடந்த சால்வையை எடுத்து அதன்மேல் கூடாரம்போலப் பிடித்தார்.

"திருத்துலே."

மசூது பேனாவை எடுத்தார். 4 மணி என்பதை ஒரே கோட்டில் அடித்தார். மேலே 4.45 என்று எழுதினார். எழுத்து கோணவில்லை.

"அந்தப் பய பாட்டில் என்னாச்சி?"

"வீட்டுல இருக்கு."

கடற்கரை சால்வையை இன்னும் தாழ்த்திப் பிடித்தார்.

"அடுத்த சனிக்கிழம அவனையும் இங்கன கூட்டிட்டு வா."

"வருவானான்னு தெரியல அண்ணாச்சி. பேசவே மாட்டான்."

"வரலேன்னா, வரலேன்னு எழுது. அதுக்கு அடுத்த வாரமும் கூப்புடு. நா கையெழுத்துப் போடுதேன்."

பிறகு அவர் பேனாவை வாங்கினார். திருத்தத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒப்பம் போட்டால் போதும் என்று இசக்கிச்செல்வி சொன்னாள். அவர் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு முழுப் பெயரையும் எழுத ஆரம்பித்தார். சால்வையின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள், மறுமுனையை மசூது பிடித்துக்கொண்டார். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு நிமிஷமும் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.